மல்லித்தழை வாசம்

திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் அக்காவும் மதுரைக்குத் திரும்பிய பஸ் கவிழ்ந்தது. அக்கா இறந்துபோனாள். எழுபதுகளின் கடைசி அது. பஸ்ஸில் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது; அதற்கு அடுத்த நினைவு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். "நல்லவேளை, ஒனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

காயம் ஆறி, தல்லாகுளத்து வீட்டில் மறுபடி சமைக்க ஆரம்பித்தேன். ஒரு காலையில் ரசத்தை இறக்கிவைத்து மல்லித்தழையைக் கிள்ளியதும் கை சில்லிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது நான் அக்காவையும் நினைக்கவில்லை, பஸ்ஸையும் நினைக்கவில்லை. எதற்குப் பயப்படுகிறேன் என்றே தெரியவில்லை. செத்துவிடுவேன் என்று மட்டும் தோன்றியது.

பிறகு அடிக்கடி வந்தது. காய்கறிக் கடை வாசலில் வரும், பக்கத்து வீட்டில் சட்னி அரைக்கும்போது வரும். டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "இருதயம் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். மாமியார் தாயத்து வாங்கிவந்து கட்டினார். தழைதான் காரணம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் முதல் வருஷ திதியன்று, அவள் வீட்டில் சமையல்காரர் மல்லிக்கட்டைப் பிரித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அக்காவின் புருஷன், என் அத்தான், பின்னாலேயே வந்தார். விபத்தன்று எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் அவர்.

"மல்லித்தழை வாசமாம்மா?" என்றார்.

"எது அத்தான்?"

"பஸ்ஸுக்குள்ள அம்புட்டும் வழியில ஏத்துன, சந்தைக்குப் போற மல்லிக்கட்டு. அதுக்கு அடியில இருந்துதான் ஒங்க ரெண்டு பேரையும் இழுத்தோம். ஒன் வாயெல்லாம் தழை."

"அப்ப அக்கா?"

"உசுரு இருந்துச்சும்மா. ஒன் கையப் பிடிச்சுக்கிட்டு பேசிக்கிட்டே இருந்தா. நீயும் பதில் சொன்ன. நான் வெளிய நின்னு சன்னல் கம்பிய வளைச்சுக்கிட்டு இருந்தேன், வெளங்கல. என்னைக்காவது ஒனக்கு ஞாபகம் வரும், சொல்லுவன்னுதான் இம்புட்டு நாளா இருக்கேன்."

எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. வாசம் தங்கிவிட்டது, அக்கா கடைசியாகப் பேசியது தங்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் தெரிந்தால் பயம் விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. இது வெறும் தழை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கிள்ளிப் பார்ப்பேன். கை அதைக் கேட்காது. கடைசியில் வாங்குவதையே நிறுத்தினேன்.

சில வருஷம் கழித்து, சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தழை வாங்குவதை நான் நிறுத்திய பிறகு பிறந்தவள்; அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். ரசத்தில் மிதந்த தழையைப் பார்த்ததும் இலையைத் தள்ளிவிட்டு என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?"

"தெரியலம்மா. பயமா இருக்கு."

விபத்தைப் பற்றி அவளிடம் நாங்கள் எதுவும் சொன்னதில்லை.