எதிர்ப்பக்கம் சுற்றிய தக்ளி

நின்றே பிழைத்த மனிதர் அவர். அவருடைய சலூனில் நாற்காலி எப்போதும் அடுத்தவருக்குத்தான். அதைச் சுற்றிச் சுற்றி வந்தே வயது போய்விட்டது. கடைசியில் கெண்டைக்கால் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டன. இனி நிற்கவே கூடாது என்றார் மருத்துவர். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றும் தனக்குத் தெரியாதே என்று சலூன்காரர் சொன்னபோது, அதற்கு மருந்து இல்லை என்பதுபோல அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் மனைவி கம்பளி நூற்கும் பட்டறையில் ஒரு முக்காலி காலியாக இருந்தது. பட்டறைக்காரம்மா லேசில் தலையாட்டுகிறவர் அல்ல. தெரியாத கைக்கு இடம் தருவதில்லை என்று முதலில் மறுத்தார். மனைவி விடாமல் கேட்டபின் ஒரு வழி சொன்னார்: வீட்டில் பழகட்டும், அவர் நூலை உன் நூலோடு சேர்த்து முறுக்கிப் பார்க்கிறேன், தாங்கினால் முக்காலி அவருக்கு.

அன்று முதல் சமையலறையே பள்ளிக்கூடமாயிற்று. அடுப்பை அணைத்த பிறகு மனைவி பலகையில் உட்காருவாள். அவர் எதிரே ஸ்டூலில். முட்டிக்கு முட்டி இடிக்கும். தக்ளி என்பது பார்க்கப் போனால் ஒரு குச்சி. கீழே மர வட்டு, மேலே கொக்கி. வாரிய கம்பளியின் நுனியைக் கொக்கியில் மாட்டி, குச்சியை விரலால் சுண்டிவிட்டுத் தொங்கவிட வேண்டும். அது சுற்றுவதற்குள் மேலே கம்பளியை மெல்ல இழுத்துக் கொடுத்தால் நூலாகிவிடும். அவள் இழுத்தால் ஆனது. அவர் இழுத்தால் ஓரிடத்தில் எலி விழுங்கிய பாம்பாக வீங்கியது, அடுத்த இடத்தில் அறுந்து தக்ளி பாதத்தில் விழுந்தது.

"கழுத்தை நெரிக்காதீங்க. கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி பிடிங்க."

"காலமெல்லாம் முடிய வெட்டின கை. சேருன்னா உடனே சேருமா?"

அவர் இடக்கைக்காரர். சலூனுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைக் கவனித்ததே இல்லை. கண்ணாடியில் இடக்கை வலக்கையாகத்தான் தெரியும். இப்போதும் அப்படித்தான். மனைவியின் வலக்கைக்கு நேராக அவருடைய இடக்கை. அவள் வெளிப்புறமாகச் சுண்டினால் அவரும் வெளிப்புறமாகச் சுண்டினார். பார்க்கப் பொருத்தமாகவே இருந்தது. பகலெல்லாம் நூற்றுவிட்டு வந்து மறுபடியும் நூற்கிறவள், கொட்டாவி விட்டுக்கொண்டே சரி, சரி என்றாள். மழைக்காலம் முடிவதற்குள் வீக்கம் குறைந்து, நூல் ஒருவழியாக நூல் மாதிரி வந்தது.

பட்டறையில் எல்லோரும் பார்க்க, பட்டறைக்காரம்மா இருவர் நூலையும் ஒன்றாகப் பிடித்துப் பெரிய தக்ளியில் மாட்டினார். நூற்ற பக்கத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் இரண்டு இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சுற்றினார். மனைவியின் இழை பொதபொதவென்று பிரிந்து அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி சுற்றினார். மறுபடி அவள் இழைதான். சலூன்காரருடையது அறாமல் பன்றிவாலாகச் சுருண்டு நின்றது.

"என்னம்மா இது? புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்து உன் கை கெட்டுப்போச்சா?" என்றார் பட்டறைக்காரம்மா. மனைவியின் நூல் அங்கே அறுந்ததாகச் சரித்திரமே இல்லை. தூக்கம் கெட்டதால் தானே எங்கோ கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்தவளைப்போலத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சலூன்காரருக்கு ஒரு கணம் மனசு லேசாயிற்று. தன் நூல் தாங்கிவிட்டது. அந்த முக்காலியில் அவர் கால்கள் அப்போதே போய் உட்கார்ந்துவிட்டன. ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. தலையில் சுழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் கத்தரி வைக்காதவர் அவர். அறுந்து கிடந்த துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். முறுக்கு விட்டுக் கலைந்தது. தன் நூலை அதே பக்கம் உருட்டினார், இன்னும் இறுகியது. எதிர்ப்பக்கம் உருட்டியதும் கலைந்தது.

அவர் அதைக் கீழே வைத்தார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துதான் பார்த்தார்.

"அவ நூல்ல தப்பில்லைங்க. என்னோடதுதான் எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கு. என்னோடத இறுக்கற சுத்து அவளோடதப் பிரிச்சிடுது."

பட்டறைக்காரம்மா இரண்டையும் வாங்கி உருட்டிப் பார்த்தார். இத்தனை நாள் இரண்டு பேருக்கும் கண் எங்கே போயிருந்தது என்று கேட்டார். எதிரெதிராக உட்கார்ந்து பழகினதில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது என்றார் சலூன்காரர்.

"புருஷன் பொண்டாட்டி எதிரும் புதிருமா உக்காந்தா வேற எப்படி ஆகும்?" என்றாள் கம்பளி வாருகிறவள். நாலு பேர் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

இப்படியொரு நூல் மற்றதோடு கலந்துவிட்டால் போர்வையே கோணிக்கொள்ளும் என்று சொல்லி, பட்டறைக்காரம்மா அவர் நூற்றதையெல்லாம் மெத்தைக்குத் திணிக்கிற கழிவுக் கூடையில் போட்டார். இனித் தன் கண்ணெதிரே பட்டறையில்தான் பழக வேண்டும்; இந்தச் சிப்பம் கம்பளி தீருவதற்குள் கை திரும்பினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்றார். "அதுவரைக்கும் உக்காருங்க. நிக்க முடியலைன்னு பார்த்தாலே தெரியுது."

அவர் உட்கார்ந்தார். கால் விண்விண்ணென்று தெறித்தது. மனைவி தன் முக்காலியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, எதிரே போடாமல் பக்கத்தில் போட்டாள்.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல," என்றாள் தாழ்ந்த குரலில்.

"இருந்துதான் பார்த்தேன்."

அவள் அவர் விரல்களைப் பிடித்து, கட்டைவிரலைப் பின்னுக்கு வைத்து, உள்பக்கமாகச் சுண்டிக் காட்டினாள். பழகிய விரல் கேட்கவில்லை. தக்ளி அரைச்சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் பழைய பக்கமே திரும்பியது. இழை பிரிந்து, மர வட்டு தரையில் உருண்டது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். எடுத்து வைத்துக்கொண்டு, கம்பளியில் மறுபடி நுனி தேடினார்.