கோட்டையாகிப் போன கொட்டாய்

போன வாரம் ஊருக்குப் போகும் வழியில், போனில் வழி சொல்லும் பெண்குரல், "இடதுபுறம் திரும்பவும், மேட்டுக்கோட்டை" என்றது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. போனோடு சண்டை போடுகிற வயசா இது என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை.

எங்கள் தர்மபுரிப் பக்கம், காட்டிலேயே, அதாவது விளைநிலத்திலேயே, வீடு கட்டிக்கொண்டு நாலைந்து குடும்பங்கள் குடியேறினால் அது ஒரு கொட்டாய். கிணற்றுக் கொட்டாய், புளியமரத்துக் கொட்டாய் என்று பெயர் வைத்துவிடுவோம். மேடு இருக்கும் இடமெல்லாம் ஒரு மேட்டுக் கொட்டாயும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் கொட்டாய்க்கும் கோட்டைக்கும் ஒரே எழுத்துகள்தான். சென்னையில் இதழியல் படித்தபோது, ஆங்கிலத்தில் இருந்த எங்கள் மாவட்டத்துக் குடிநீர்ப் பரிசோதனை விவரங்களை வகுப்புத் தோழி நிவேதா தமிழாக்கினாள். அத்தனை கொட்டாயும் கோட்டையாகிவிட்டது. "உங்க ஊர்ல இத்தனை ராஜாவா?" என்று பேராசிரியை கேட்க, வகுப்பே சிரித்தது. அசடு வழிய நானும் சிரித்து வைத்தேன்.

அறிவியலும் தரவும் சேர்ந்த இதழியல் என்றதும் நான் அதில் போய் விழுந்ததற்குக் காரணம் என் பல். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்தே வளர்ந்ததால் பல்லெல்லாம் பழுப்பு வரி. இந்த லட்சணத்தில் டிவியில் செய்தி வாசிக்க முடியாது, எழுதவாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

எங்கள் தாலுக்காவிலேயே மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று இரண்டு மேட்டுக் கொட்டாய். கிழக்கே இருந்ததில் என் சின்னம்மா செல்வி இருந்தார். அவர் மகள் திவ்யாவுக்கு அப்போது பால்பல்கூட விழ ஆரம்பிக்கவில்லை. அடுத்த பல் ஈறுக்குள் உருவாகும்போதே கறை ஏறிவிடும், அதற்குள் தண்ணீர் மாறினால்தான் உண்டு என்று, வகுப்பில் படித்ததைச் சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதுனா நம்மூட்டுக்கு ஆத்துத்தண்ணி பைப்பு போடுவாங்களா கண்ணு?"

"போடுவாங்க சின்னம்மா. ஆதாரத்தோட எழுதறோம்."

அந்த ஆதாரத்தைத்தான் நிவேதா சுத்தம் செய்தாள். எங்கள் படிப்பில் சுத்தம் செய்வது, அதாவது தரவில் தப்பாக ஏறியதைக் களைவது, பெரிய வித்தை. ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதே, தெரியாமல் ஏறியிருக்கும் என்று ஒரு மேட்டுக்கோட்டையை நீக்கிவிட்டாள். போனது கிழக்கு. தண்ணீர் கெட்ட ஊருக்கெல்லாம் புள்ளி வைத்த வரைபடம் எங்கள் மாணவர் இணையதளத்தில் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கத்தினேன்.

"ஒரே பேரு, ஒரே தாலுக்கா. எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள். அவள் கேட்டது நியாயமாக இருந்தது, அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. பேராசிரியையோ, "மார்க் போட்டாச்சுப்பா, அடுத்த செமஸ்டர்ல திருத்திக்கலாம்" என்றார். பிழை திருத்தம் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தியவரும் அவர்தான்.

நான் போன் செய்வதற்குள் சின்னம்மா அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போய்விட்டார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம்.

"இதுல உங்க ஊருக்குப் புள்ளியே இல்லீங்களேம்மா. படிச்ச பசங்க பாத்துப் போட்டது. புள்ளி இல்லேன்னா தண்ணி நல்லாருக்குன்னுதானுங்களே அர்த்தம்?"

அந்தப் படத்துக்குக் கீழே என் பெயரும் இருந்தது.

மேற்கு மேட்டுக் கொட்டாய்க்குக் குழாய் முதலில் வந்தது. கிழக்குக்கும் வந்தது, பல வருஷம் கழித்து. சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. எங்கள் இணையதளத்தை யாரும் புதுப்பிக்காமல் விட்டதில் அது எப்போதோ காணாமல் போனது. இனி திருத்தம் போடவும் இடமில்லை.

திவ்யா இப்போது பிளஸ் டூ. போன வாரம், "அண்ணா, போட்டோல பல்ல வெள்ளையாக்கற ஆப் எது நல்லாருக்கும்? நீங்க கம்ப்யூட்டர்லதான படிச்சீங்க?" என்று கேட்டாள். ஒரு பெயரைச் சொன்னேன். அவள் பால்பல் விழுந்தபோதெல்லாம் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தார் சின்னம்மா. அவளுக்கு இருந்த வெள்ளைப் பல் அவ்வளவுதான்.