பொலித்தீன் கழற்றாத தண்ணீர் மெஷின்

வெளிநாட்டில் சங்கம் வைத்து இங்கே கிணறும் வகுப்பறையும் கட்டிக் கொடுக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், கொடுத்தது உருப்படியாக இருக்கிறதா என்று எப்படிப் போய்ப் பார்ப்பது என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஐந்து வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனைத் தோட்டம் ஒன்றுக்குக் குடிதண்ணீர் மெஷின் கொடுத்திருந்தது. அது நிலைத்து நிற்கிறதா என்று பார்த்து எழுதும் வேலை போன மாசியில் எனக்குக் கிடைத்தது. தோட்டம் என்றதும் தேயிலையை நினைக்காதீர்கள். கொழும்பில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசைகளுக்கும் அதுதான் பெயர்.

வெள்ளவத்தையில் காலை ஏழரைக்கு 100ஆம் இலக்க பஸ் ஏறினேன். புறக்கோட்டை ஒன்பது கிலோமீற்றர்தான், ஆனால் காலி வீதி நெரிசல் ஒரு மணித்தியாலத்தைத் தின்றுவிட்டது. அங்கிருந்து ஓட்டோவுக்கு நானூறு ரூபாய். போகிற இடத்தைச் சொன்னதும் சாரதி சிரித்தார்.

"மெஷின் தண்ணித் தோட்டமா மிஸ்? அது பார்க்கிற தண்ணி. குடிக்கிற தண்ணி இல்ல."

ஏதோ நக்கல் என்று விட்டுவிட்டேன்.

தோட்டத்தின் மாதர் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா வாசலிலேயே காத்திருந்தார். மெஷின் வைத்த அறையின் கம்பிக் கதவுக்கு இரண்டு பூட்டு. உள்ளே மெஷின், மேலே ஜிகினா மாலை, கடையில் இருந்து இறக்கிய அன்று சுற்றியிருந்த பொலித்தீன் அப்படியே. சுவிட்சைப் போட்டார். பளிங்கு மாதிரித் தண்ணீர் வாளியில் விழுந்தது. ஐந்து வருடம் கழித்தும் இப்படியா! இந்த வேலையில் நான் பார்த்ததெல்லாம் துருப்பிடித்த பம்பும் ஆடு கட்டிய கட்டடமும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெயிலுக்குத் தாகம். "ஒரு தம்ளர் தாங்க அக்கா" என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் ஓடும் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினார்.

அட கடவுளே!

"என்னக்கா செய்றீங்க?"

"இது குடிக்கிறேல்ல மிஸ். இறுகிப் போகாம இருக்க ஞாயித்துக்கிழமையில கொஞ்சம் ஓட விடுறம். வருஷா வருஷம் கம்பனி ஆளும் வந்து வடிகட்டி மாத்திட்டுப் போறார்."

"ஐஞ்சு வருஷமா ஒருத்தரும் குடிக்கேல்லையா?"

"ஒருத்தரும் இல்ல. பிள்ளைகள் தொட்டாலே அடிதான்."

பக்கத்தில் அவருடைய மகள் ஷெரின் நின்றாள். பதினான்கு வயது. போன மாதம் வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிள்ளை என்று அக்காவே சொன்னார். வீட்டில் குடிப்பது தோட்டத்துப் பொதுக் குழாயின் ஓட்டைப் பைப் தண்ணீர்தானாம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. "பெத்த பிள்ளைக்குக் குடுக்காம கானுக்குள்ள ஊத்துறீங்களே, இது நியாயமா?" என்று கத்திவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா கத்தவில்லை. "இதுக்கு முந்தி ஒரு தண்ணி மோட்டர் தந்தாங்க மிஸ். நாங்க ஒவ்வொரு நாளும் தண்ணி இறைக்கப் பாவிச்சம், எரிஞ்சு போச்சு. பார்க்க வந்தவர் உங்களுக்கு வைச்சுக்கொள்ளத் தெரியாது எண்டுட்டுப் போனார். பிறகு ஒருத்தரும் எட்டியும் பார்க்கேல்ல. இந்த மெஷின் நல்லா இருந்தா அடுத்தது கக்கூஸ் எண்டு தந்தவங்க சொல்லியிருக்கிறாங்க. இவள் விடிய முந்தி எழும்பிப் பொதுக் கக்கூசுக்கு ஆம்பிளைகளோட லைன்ல நிக்கிறாள். நான் வேற என்ன செய்ய?"

எங்கள் வெள்ளவத்தை வீட்டிலும் கனடாவில் இருந்து வந்த கோப்பை செட் கண்ணாடி அலுமாரியை விட்டு இறங்கியதே இல்லை. வெளிநாட்டுச் சாமான் என்றால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் இந்த மனிசிக்குப் பயத்தைக் கற்றுக் கொடுத்தது என்னைப் போல் பார்க்க வந்த ஒருவர்தான்.

"திறந்து விடுங்க அக்கா" என்றேன்.

"உடைஞ்சா எழுதுவீங்களே?"

"எழுதுவன். பாவிச்சு உடைஞ்சது, திருத்தக் காசு குடுங்க எண்டு எழுதுவன். கக்கூஸையும் சேர்த்து எழுதுவன்."

அக்கா மாலையைக் கழற்றிப் பொலித்தீனை உரித்தார். முதல் தம்ளரை எனக்கு நீட்டினார், நான் ஷெரினிடம் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

"அம்மா, இதில ஒரு மணமும் இல்ல!"

சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டேன். கக்கூசுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

இப்படிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மத்தியான வெயிலில் அந்தச் சந்து ஒழுங்கைகள் கொதிக்கும். வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள், மாலை போட்டுவிடுவார்கள். வேலை செய்கிறதா என்று கேட்காதீர்கள், இன்றைக்கு யார் குடித்தது என்று கேளுங்கள். உடைந்திருந்தால் திட்டாமல், திருத்த யார் காசு தருவார் என்று பாருங்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நான் புறப்படும்போது ஸ்டெல்லா அக்கா அந்தப் பொலித்தீனைத் துடைத்து, நாலாக மடித்து, தன் வீட்டு அலுமாரிக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"கக்கூஸ் வந்தா மூடி வைக்க வேணுமே மிஸ்."