பெயர் வைக்காத ஆமை வைரஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை கம்பைநல்லூரிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா போயிட்டாங்க சார். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி வெச்சிருந்தாங்க" என்றார் டாக்டர் லூர்துமேரியின் தம்பி. லூர்துமேரியோடு இன்னும் ஒரே ஒரு முறை பேசக் கிடைக்காதா என்று அன்றிலிருந்து மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

எண்பதுகளில் பாலக்கோடு கால்நடை மருத்துவமனையில் நாங்கள் இருவரும் மருத்துவர்கள். ஒருநாள் வனத்துறையினர் பஸ்ஸில் பிடித்த கடத்தல் மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார்கள். உள்ளே அத்தனையும் நட்சத்திர ஆமைகள். தக்காளிக் கூடைகளில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். சில நாட்களிலேயே ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. மூக்கில் சளி, நாக்கில் வெள்ளைப் படலம்.

"ஆமைக்குச் சளி பிடிச்சா அதுக்கும் ஆராய்ச்சியா?" என்று கேலி செய்தேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

அவர் சிரிக்கவில்லை. "இது வைரஸுங்க. நம்ம புஸ்தகம் எதுலயும் இல்லாதது. பேரில்லாத நோயி அட்ரஸ் இல்லாத கடுதாசி மாதிரிங்க, யாருகிட்டக் கொண்டுபோய்க் குடுக்கறது?" என்றார்.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்கு எழுதினார். மாதிரி அனுப்புங்கள், வைரஸ் வளர்ந்தால் நீங்களே இங்கே வந்து அதை வகைப்படுத்தலாம் என்று பதில் வந்தது. அடேயப்பா, அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்திருப்பார்! சினை ஊசியும் குடற்புழு மருந்துமாகக் கிடந்த எங்கள் மேசையில், அவர் மட்டும் ஆய்வகத்துக்குப் போய்விட்டதுபோல் உட்கார்ந்திருப்பார்.

கடைசி ஆமை செத்த அன்று அவர் சித்தேரி மலையில் முகாமில் இருந்தார். நான்தான் அறுத்து நாக்கையும் ஈரலையும் துண்டெடுத்தேன். கிளிசரினில் போட்டு ஐஸில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். பாழாய்ப்போன பழக்கதோஷம், என் கை எப்போதும்போல ஃபார்மலினை ஊற்றிவிட்டது. ஃபார்மலினில் சதை அழுகாது. ஆனால் வைரஸ் செத்துப்போகும். செத்ததை வளர்க்க முடியாது. வேறு ஆமையும் இல்லை. சீசாவுக்கு மெழுகு வைத்து, ஐஸ் பெட்டியில் மூடி, வாயையும் மூடிக்கொண்டேன். மறுநாள் அவரே அதை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினார்.

பதில் வந்ததும் அவர்தான் படித்தார். "உருவம் தெரியுதாமுங்க, ஹெர்பீஸ் வைரஸ் குடும்பமாட்டம் இருக்குதாம். ஆனா வளரலையாம், பேரு வெக்க முடியாதாம். வழியில ஐஸு உருகிப்போச்சாம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, அப்படித்தான் இருந்தது. ஆய்வக இடம் கைவிட்டுப்போனது. அந்த அம்மாவுக்குக் கவனம் பத்தாது என்று துறையில் சிலர் பேசினார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளங்காமலே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிடுவார். நலம் விசாரித்து முடித்ததும் குரல் தாழும். "அந்தச் சளி புடிச்ச ஆமை ஏதாச்சும் கண்ணுல பட்டுதுங்களா?" இல்லை என்பேன். "பாவம், நல்லா இருக்கட்டும்" என்பார்.

அடக்கம் முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய், தம்பி ஒரு ஃபைலைக் கையில் கொடுத்தார். "ஆமைக் காயிதமுங்க. உங்களுக்குத்தான்னு எழுதி வெச்சிருந்தாங்க." உள்ளே இரண்டே தாள்கள். ஒன்று ஆய்வகக் கடிதம். ஐஸைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மாதிரியில் ஃபார்மலின் ஊற்றியது யார் என்று கேட்டிருந்தார்கள். மற்றது லூர்துமேரி எழுதிய பதிலின் கார்பன் நகல். "நான்தான். என் கவனக்குறைவு. மாதிரி எடுத்த மருத்துவர்மேல் தவறில்லை."

அந்த நகலை என்னோடு வைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடம் கேட்கிறேன்: அந்த அம்மாவுக்குக் கவனம் பத்தாது என்று இனி யாராவது சொன்னால் இந்தத் தாளைப் பற்றிச் சொல்லுங்கள். ஊற்றிய கை என்னுடையது.