ஸ்பிரிங்ளரை இரண்டு விரல் தாழ்த்திப் பதித்தேன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் பம்பாய் செம்பூரில் ஒரு கம்பெனி அதிகாரிகளின் குடியிருப்பில் புல்வெளி போட்டார்கள். அங்கே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்களைப் பதிக்க நானும் என் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனும் போனோம். தாராவியில் அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். வேலை முடிந்ததும் எங்களில் ஒருவனை நிரந்தரத் தோட்டக்காரனாக எடுத்து, தங்க ஓர் அறையும் தருவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ஆளுக்குப் பன்னிரண்டு ஸ்பிரிங்ளர். பித்தளைத் தலை மண்ணுக்கு மேலே நின்றால் புல் வெட்டும் மிஷினின் பிளேடு அதில் அடிபடும். ரொம்பத் தாழ்ந்தால் சேறு அடைக்கும். அவன் அதுவரை தோல் பதனிடும் ஷாப்பில் இருந்தவன். புதிதாகக் கொட்டிய மண்ணின் மேல் பலகை வைத்து, அந்த மட்டத்துக்கே பதித்தான். நான் கொஞ்ச காலம் மயானத்தில் குழி வெட்டியவன். புது மண் தண்ணீர் பட்டால் எவ்வளவு இறங்கும் என்று தெரியும். என்னுடையதை இரண்டு விரல் தாழ்த்திப் பதித்தேன்.

அவன் அதைக் கவனித்துவிட்டான். "ஒங்களது பள்ளமால்லா கெடக்கு அண்ணாச்சி. என்னது சரிதானா?"

"சரிதாம்ல. மண்ணப் போட்டு மூடு."

என்னுடையது தப்பாகிவிட்டதே என்று வருத்தப்பட்டு, சூப்பர்வைசர் வருவதற்குள் தானே திருத்தித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன்.

மழை முடிந்து, மண் இறங்கியபின் மிஷினை ஓட்டியபோது அவன் பதித்த இரண்டாவது தலையிலேயே பிளேடு உடைந்தது. என் பக்கம் தடங்கல் இல்லை. அவனுடைய பன்னிரண்டையும் அவனையே வெறுங்கையால் தோண்டி எடுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். தோல் தேய்க்கிறவனுக்குத் தோட்டம் எதற்கு என்று இந்தியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நகத்தில் ரத்தத்தோடு அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சரின்னுதான சொன்னிய? அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி."

நான் பேசாதவன் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றும் பேசவில்லை. சூப்பர்வைசர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

பெட்டியை எடுக்கத் தாராவிக்குப் போனேன். நான் சரி என்று சொன்னதை அவன் தன் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை. "வேல கெடச்சிட்டாம்லா, சாப்ட்டுட்டுப் போங்கண்ணே" என்று அவள் தட்டு வைத்தாள். அவன் கையில் துணி சுற்றிக்கொண்டு, கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் எதிரில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

செம்பூர், 1968 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை.