உதயரூபனுக்கு ஐந்துக்கு இரண்டு

காத்தான்குடியில் உதயரூபன் என்று பெயர் சொல்லித் தேடினால் ஒருவருக்கும் தெரியாது. மெசின் தம்பி என்றால் தேநீர்க் கடைக்காரர்கூட வழி காட்டுவார். குருக்கள்மடத்துக்காரன், வயது முப்பத்தெட்டு, மூன்று பிள்ளைகளின் தகப்பன். முத்திரை ஒட்டுவதற்குப் பதிலாகத் தபால் கட்டணத்தை உறையிலேயே அச்சடித்துத் தருகிற மெசின்கள் சில அலுவலகங்களில் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கொழும்புக் கம்பனி அவனை ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே வைத்திருந்தது. கம்பனிக்கு வெட்கமில்லை, இவனுக்கு வாயில்லை.

இன்சூரன்ஸ் அலுவலகத்தின் தலைமைக் கிளாக் சபூராவுக்கு அவன்மேல் தனிப் பிரியம். ஐம்பத்திரண்டு வயதில் அவள் எத்தனையோ வேலைக்காரரைப் பார்த்தவள். இவனைப்போல் ஒருவனைப் பார்த்ததில்லை.

தபால் கட்டணம் ஏறிய மாதம் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. பதினைந்தாம் திகதிக்குள் எல்லா மெசினிலும் புதுக் கட்டணம் ஏற்ற வேண்டும். தவறினால் கடிதம் பெறுகிறவர் தண்டம் கட்டித்தான் எடுக்க வேண்டிவரும். வாகரை வரை இருபத்திரண்டு மெசின், ஒன்பது நாள், ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வாகரையில் கரண்ட் போய்விட்டது என்று பின்னேரம்வரை கூட்டுறவுச் சங்க வாசலில் குந்தியிருந்து முடித்துவிட்டு வந்தான். சபூராவிடம் வந்தபோது கட்டணத்தை ஏற்றிவிட்டு, கழிவுப் பேப்பரைத் திணித்து இருபது உறை செய்து, ஒவ்வொன்றாக நிறுத்து, அச்சடித்துப் பார்த்தான். அதுவரைக்கும் அவள் கொடுத்த இஞ்சிப் பிளேன்டீயில் வாய் வைக்கவில்லை.

பிறகு கம்பனியின் கருத்துப் படிவத்தை நீட்டினான். சேவைக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று வாடிக்கையாளர் எழுத வேண்டும். எழுதும்போது பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டு வெளியே போய்விட்டான். சபூரா இரண்டு போட்டாள். கீழே, சுமார் என்று எழுதி மடித்து ஒட்டினாள்.

சூடு கண்ட பூனைதானே. இவனுக்கு முன் பஹ்மி என்றொரு கெட்டிக்காரன் இருந்தான். எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டு ஆகா ஓகோ என்று எழுத, கம்பனி அவனைக் கொழும்புக்கே தூக்கிக்கொண்டது. பிறகு பதினாலு மாதம் மெசின் பார்க்க ஆளில்லை. இந்த முறை சபூரா முந்திக்கொண்டாள். மற்ற அலுவலகங்களுக்கெல்லாம் போன் போட்டு, இவனைப் புகழ்ந்தால் இவனும் போய்விடுவான் என்று சொல்லிவைத்தாள். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. வாகரைக் கூட்டுறவுக்காரர் அவனுக்கு ஒரு பை நண்டு கொடுத்தனுப்பிவிட்டுப் படிவத்தில் ஒன்று போட்டார்.

அடுத்த மாதம், அவன் வருகிற முறையில்லாத ஒரு நாளில் உதயரூபன் வந்தான். கையில் கருவிப் பையில்லை. மாதக் கடைசியோடு வேலை முடிகிறதாம். இந்தப் படிவங்களைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவதா நிறுத்துவதா என்று கம்பனி முடிவு செய்ய இருந்ததாம். அதை அவன் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் புள்ளி கேட்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டான்.

“நான் என்ன பிழை விட்டன் எண்டு மட்டும் சொல்லுங்க மிஸ்,” என்றான். “கோபமில்ல. வேற எங்கயும் வேல கிடைச்சா அந்தப் பிழைய விடாம இரிக்கலாம்.”

அவன் ஏசியிருந்தால் சபூரா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பஹ்மியிலிருந்து போன் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு அவளே கேட்டாள்.

“கொழும்புக்குக் கூப்பிட்டா போவீங்களா தம்பி?”

“நிரந்தரமெண்டா போகத்தான் வேணும் மிஸ். மூணு புள்ளையள்.”

ளுஹர் தொழுதுவிட்டு வந்து சபூரா கம்பனிக்குக் கடிதம் எழுதினாள். புள்ளியைக் குறைத்தது நாங்கள், குறை அவரிடமில்லை, அவரைப்போல் ஒருவர் உங்களிடம் வேறு இருக்கமாட்டார் என்று எழுதினாள். இதை எழுதினால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே மற்ற அலுவலகங்களுக்கும் திரும்ப போன் போட்டாள். இருபத்திரண்டு கடிதம் கொழும்புக்குப் போயிற்று. எல்லாம் அவன் சரிபார்த்த மெசினில் அச்சடித்தவை.

மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கையில் பதில் வந்தது. நிரந்தர நியமனம், கொழும்புத் தலைமை அலுவலகத்தில். கடிதத்தைக் காட்ட வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல், இங்கேயே விடச் சொல்லி எழுதிப் பார்க்கவா என்று கேட்டான். கேட்டால் கம்பனி கொழும்பு வேலையையும் இங்குள்ள வேலையையும் சேர்த்தே பறித்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

“விசர்க் கத கதைக்காதீங்க,” என்றாள் சபூரா. “நாங்க முத்திரைய எச்சி தொட்டு ஒட்டிக்கொள்ளுவம். நீங்க போங்க மனே.”

அவன் போன பிறகு அன்றைய தபாலை அவளே அச்சடித்தாள். நாற்பத்தொரு உறை. ஒன்றில்கூடப் பிழையில்லை. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு அழுகை வந்தது.