முந்திப் போன பஸ்ஸுக்கு முதல் ரேங்க்

எங்கள் ஆபீஸ் சுவரில், சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில், ஒரு பஸ் ஸ்டாப் போர்டு தொங்கியது. மதுரை பஸ் ஸ்டாப் இல்லை. ஐரோப்பாவில், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு சின்ன ஊரின் பஸ் ஸ்டாப். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தாக பஸ் நம்பர், போகிற இடம், இன்னும் எத்தனை நிமிஷத்தில் வரும் என்ற கணக்கு, மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். ஏழு, நாலு, ஒன்று என்று நிமிஷம் குறைந்து, பஸ் வந்ததும் அந்த வரி மறைந்துவிடும். மதுரை அண்ணா நகரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, வாழ்நாளில் ஏறப்போகாத அந்த பஸ்களுக்காக நாங்கள் ஏழு பேரும் காத்திருப்போம். டீ கொண்டுவருகிறவர்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, மூணாம் நம்பர் இன்றைக்கு லேட்டு போல என்று கவலைப்பட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் முதலாளி சென்னையில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஊரிலேயே ஏதாவது செய்கிறேன் என்று வந்தவர். வயதில் ஐந்தாறு வருஷம்தான் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். அவர் எப்படியோ பேசிப் பிடித்துவந்த வேலை இது. அந்தப் பக்கத்து நாடுகளில் ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் தன் பஸ்களுக்கு இந்த மாதிரி போர்டு வேண்டும் என்று டெண்டர் விடும். ஜெர்மனிக்காரர்கள், ஸ்வீடன்காரர்கள், பிரான்ஸ்காரர்கள் என்று ஆளாளுக்குப் போட்டி போடுவார்கள். எங்களுக்கு வேலை தந்தது அதில் இருப்பதிலேயே சின்ன கம்பெனி. பஸ்ஸில் இருக்கும் பெட்டி, வண்டி எங்கே வருகிறது என்று சொல்லும். அதை வைத்து நிமிஷக் கணக்குப் போடுவதும், நாள் முடிவில் எந்த வண்டி நேரத்துக்கு ஓடியது, எது ஓடவில்லை என்று ரிப்போர்ட் தருவதும் எங்கள் வேலை. ரிப்போர்ட் என் பொறுப்பு.

பஸ் விஷயத்தில் மதுரைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. பெரியார் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன் நான். பனியூர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

முதலில் அந்த ஒரு சின்ன ஊரில் மூன்று மாசம் ஓட்டிப் பார்ப்பார்கள். ஊர் நிர்வாகம் சரி என்றால் பெரிய ஊர்கள் வரும், எங்கள் ஆபீஸ் நிமிரும். சரியில்லை என்றால் மூடிவிட வேண்டியதுதான் என்று அண்ணன் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது வேலை போகிற விஷயம். எனக்கு வீடு இரண்டாகிற விஷயம்.

என் மனைவிக்குப் பேரையூரில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. மூன்று பள்ளிகளில் நாலு வருஷம் தற்காலிகமாக ஓடியலைந்த பிறகு கிடைத்த நிரந்தர வேலை. மாற்றல் கிடையாது. கல்யாணமான புதிதில் நான் சென்னையில் இருந்தேன், அவள் இங்கே. சனிக்கிழமை விடிய வந்து ஞாயிறு ராத்திரி கிளம்புவேன். வந்த அசதி தீர்வதற்குள் பையை எடுக்க வேண்டும். ஆறு மாசம் அந்தப் பொழப்பு பொழைத்துவிட்டு, சம்பளம் பாதியானாலும் பரவாயில்லை என்று அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். ஆபீஸை மூடினால் மறுபடி சென்னைதான். அவளிடம் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். ஆனால் அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள்.

அதனால் அந்த ரிப்போர்ட்டை நான் இழைத்து இழைத்துச் செய்தேன். தாமதமாக வந்த வண்டி சிவப்பு. நேரத்துக்கு வந்தது மஞ்சள். நேரத்துக்கு முன்னாலேயே ஸ்டாப்பை விட்டுக் கிளம்பியது பச்சை. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. கொடுத்த நேரத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்து சேர்க்கிறவன் கெட்டிக்காரன்தானே? எங்கள் தெருவில் யாராவது வெளியூரிலிருந்து வந்து இறங்கினால், டிரைவர் முந்தியே கொண்டாந்து விட்டுட்டான் என்று பெருமையாகத்தான் சொல்வார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து அசத்திவிடலாம் என்று தோன்றியது. டிரைவர்களுக்கு ரேங்க் லிஸ்ட் போட்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி, முதல் மூன்று பேருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வேறு. அண்ணன் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். "மாப்ள, கலக்கிட்ட" என்றார்.

அந்த ரிப்போர்ட் நேராக அந்த ஊர் நிர்வாகத்தின் கூட்டத்தில் திரையில் போடப்பட்டது. எங்கள் பட்டியலில் நட்சத்திரத்தோடு முதல் ரேங்க் வாங்கியவர் யாரென்றால், ஸ்டாப்பில் நிற்காமல் முந்தி முந்திக் கிளம்புகிறார் என்று பயணிகள் புகார் எழுதி எழுதி, அந்த மாசம்தான் விசாரணைக்குக் கூப்பிடப்பட்டிருந்த டிரைவர். ஊரில் இருப்பதிலேயே மோசமான டிரைவரை நான் வகுப்பில் முதல் மாணவனாக்கியிருந்தேன். கூட்டத்தில் முதலில் சிரிப்பு எழுந்ததாம். அப்புறம் சிரிப்பு நின்றதாம்.

எங்களுக்கு வேலை தந்த கம்பெனியில் எங்களோடு பேசுகிறவர் ஒரு பெண்மணி. எங்களுக்கு அவர் வெறும் 'அந்தம்மா'. சத்தம் போடத் தெரியாதவர். அன்றைக்கும் போடவில்லை. தாமதமாகப் போவது குறை, ஆனால் முன்னதாகப் போவது அதைவிடப் பெரிய குறை, இது உங்களுக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டார். போனைச் சுற்றி ஏழு பேரும் நின்றிருந்தோம். ஒரு வாரம் அவகாசம் தந்தார். நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது என்றார். இவர்களுக்கு பஸ் என்றால் என்னவென்று தெரியுமா என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். முந்திக் கிளம்புவது ஏன் தவறு என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்று நான் அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

நிறம் மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. ரேங்க் லிஸ்ட்டை அழிப்பது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு பக்கம்தான் எனக்கு வரவில்லை. ஒழுங்கு, கால அட்டவணை என்று என்னென்னவோ எழுதினேன். படித்தால் எனக்கே பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. உண்மையில் எனக்குப் புரியவே இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு கிறுக்கு என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். முந்திப் போனால் தப்பாம், என்ன ஊரோ என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லேட்டா வந்தா நின்னு ஏறிக்கிறலாம்ங்க. முந்திப் போயிட்டா, சரியான நேரத்துக்கு வந்தவ என்ன பண்ணுவா?"

பேரையூரிலிருந்து அவள் ஏற வேண்டியது நாலு நாற்பது தனியார் பஸ். நாலு இருபதுக்குப் பள்ளி விட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, நடந்து ஸ்டாண்டுக்கு வந்தால் மணி நாலு முப்பத்தேழு. ஆனால் அந்த பஸ், வழியில் கல்லுப்பட்டியில் வேறொரு பஸ்ஸுக்கு முன்னால் போய் ஆளை அள்ளிக்கொள்வதற்காக, வாரத்தில் பாதி நாள் நாலு முப்பத்தைந்துக்கே கிளம்பிவிடும். அடுத்த மதுரை பஸ் ஐந்தே முக்காலுக்கு. நேரத்துக்கு வருகிறவளுக்குத்தான் தண்டனை என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். அரை மணியில் பக்கம் முடிந்தது. கடைசியில், இது என் மனைவியின் அனுபவம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அந்தம்மா போன் செய்தார். ஊர் நிர்வாகத்தில் அந்தப் பக்கத்தை வாசித்தார்களாம், சரி என்றுவிட்டார்களாம், மூன்று மாசமும் ஓட்டிப் பார்க்கலாம் என்றாராம் மேயர். அண்ணன் நாற்காலியில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சென்னை பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கி, வீட்டுக்கே போ என்று அனுப்பிவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது. போனை வைக்கப் போகும்போது அந்தம்மா ஒன்று கேட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்கும் மேலே உங்கள் மனைவி அங்கே என்ன செய்வார்?

எனக்குத் தெரியவில்லை. புத்தகம் படிப்பாள் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். நான் ஆபீஸிலிருந்து வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். அவள் ஆறே காலுக்கு வந்த நாளும் ஏழரைக்கு வந்த நாளும் எனக்கு ஒன்றுதான். கதவைத் திறந்தால் விளக்கு எரியும், அவள் இருப்பாள்.

மறுநாள் மதியம் லீவு சொல்லிவிட்டு, அவளிடம் சொல்லாமல் பேரையூருக்கு பஸ் ஏறினேன். நாலு மணிக்கெல்லாம் ஸ்டாண்டில் இருந்தேன். வெயில் இறங்கவே இல்லை. மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. நாலு முப்பத்தைந்துக்கு இன்ஜினைப் போட்டார்கள். நான் படியில் கைவைத்து, "அண்ணே, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே, ஸ்கூல் டீச்சருங்க வருவாங்க" என்றேன். கண்டக்டர் கோபமெல்லாம் படவில்லை, என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது. அந்தப் புழுதி அடங்குவதற்குள் அவள் பள்ளித் தெரு முனையில் வந்துவிட்டாள்.

காலி ஸ்டாண்டைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பூட்டிக்கிடந்த உரக்கடையின் படியில் முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கட்டு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தாள். அந்தப் படியில் அவள் உட்கார்ந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. நான் எதிரில் போய் நின்றபோதுதான் நிமிர்ந்தாள். யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டாள். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பஸ் போனதைப் பார்த்தும் நீ ஓடவே இல்லையே என்றேன்.

"முன்னெல்லாம் ஓடுவேங்க. ஒருநாள் சேலை தடுக்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னாடி விழுந்துட்டேன். முட்டியெல்லாம் ரத்தம். அதுலருந்து ஓடுறதில்ல."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

அவள் ஒரு நோட்டைத் திருத்தி முடித்து மூடிவைத்தாள். "பஸ் முந்திப் போயிருச்சுன்னு வாராவாரம் சொன்னேன். பரவாயில்லையே, நல்ல டிரைவர்தான்னீங்க."

சொல்லியிருப்பேன். சொன்னதாக ஞாபகம்கூட இல்லை என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் அவ்வளவு பாடுபட்டேன். அந்த வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஒன்றரை வருஷமாக, வாரத்தில் பாதி நாள் அவள் தனியாக இந்தப் படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கடல் கடந்து இருக்கிற, முகம் தெரியாத ஒரு பெண்மணி கேட்ட ஒற்றைக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அந்தம்மா கேட்டதையும், நான் பொய் சொன்னதையும், அதனால்தான் வந்தேன் என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் பேனாவை மூடினாள். பள்ளித் தெருவிலிருந்து இன்னும் இரண்டு டீச்சர்கள் வந்து, எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

"அந்தம்மா எம்புட்டு நாளா என்னைத் தெரிஞ்சவங்க?" என்று கேட்டாள்.

"மூணு நாளா" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. ஐந்தே முக்கால் பஸ் ஆறு மணிக்குத்தான் வந்தது, அதுவரை நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.